ஒரு சேனல் போதும்

செம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஐந்து மாடியாக நிற்கிற குடியிருப்பு அரிகிருஷ்ணனின் நிலத்தில் எழும்பியது. பில்டரோடு செய்துகொண்ட ஏற்பாட்டில் அவருக்குச் சில வீடுகள் வந்தன. கூடவே, அவர் கேட்காமலே, சங்கத் தலைவர் பதவியும் வந்து சேர்ந்தது. நிலம் கொடுத்தவருக்கு மரியாதை என்று எல்லாரும் கைதட்டினார்கள். மாதக் கூட்டத்தில் நடு நாற்காலி அவருடையது. சலவைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக, கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். சிறுசேரிக்கும் பெருங்குடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து குடியேறியிருந்தார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது அந்த மொழி ஒன்றுதான். தீர்மானங்களுக்குக் கை தூக்கி எண்ணுகிற வழக்கம் அங்கே இல்லை. பேசி முடித்ததும் செயலாளர் பத்ரி நடு நாற்காலியைப் பார்த்து, "பிரசிடெண்ட் சார், ஓகே?" என்பார். அரிகிருஷ்ணன் தலையை அசைத்து, "ஓகே" என்பார். அத்தோடு அது தீர்மானம்.

பங்குனியில் பின்கேட்டைப் பூட்டும் தீர்மானமும் அப்படித்தான் நிறைவேறியது.

பின்கேட்டுக்கு வெளியே பழைய தெரு. தெருவில் அரிகிருஷ்ணனின் மச்சான் சக்திவேலும் பங்காளிகளும் இருந்தார்கள். அவர்கள் குடியிருப்பின் ஓரமாக வந்து ஏரிக்கரைக்கும் செல்லியம்மன் கோயிலுக்கும் போவார்கள். மாடு போகும், பால் கேன் போகும், கருவாட்டுக்காரி கூடையோடு போவாள். நிலத்தைக் கொடுக்கும்போது வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்திருந்த வழி அது. சாணம், நாற்றம், முன்பின் தெரியாத ஆட்களின் பைக்குகள், இவைதான் காரணம் என்று கூட்டத்தில் பேசினார்கள். தலைவரும் தலையசைத்தார். மறுநாள் காலையில் பூட்டுத் தொங்கியது.

சக்திவேல் அன்று மாடுகளை மெயின் ரோட்டு வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனான். தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்ததில் சினைமாடு மிரண்டு நடுவில் இருந்த தடுப்பில் மோதிக்கொண்டது. பால் கேனோடு அவன் அரிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தபோது அவருடைய மனைவி, அவனுடைய அக்கா முனியம்மா, அடுப்பில் வஞ்சிரக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். நாற்றம் வெளியே போகாமல் ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தாள்.

"மாமா, அங்க குந்திகினு நீதான் ஓகேன்னியாமே. வாச்மேன் சொல்றான்" என்றான் சக்திவேல்.

அரிகிருஷ்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுபத்ரா, தலையைத் துவட்டியபடி அறை வாசலில் நின்றாள். அவர் ஒரே மகள் அவள். வீட்டுக்கு வெளியே யாராவது அவரை ஒரு பேச்சுப் பேசினால் அது அவளையும் பேசியதுதான்.

"காது சரியா கேக்கல சக்தி" என்றார் அவர். "அவுங்க இன்னாமோ பேசுனாங்க. எனக்குக் காதுல வுழுல."

சக்திவேல் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் கேனைக் கீழே வைத்தான். "எப்போலேருந்து?"

"கொஞ்ச நாளா கீது."

முனியம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். சொல்லவே இல்லையே என்றாள். டாக்டரிடம் காட்ட வேண்டாமா என்று மகளைப் பார்த்தாள். காட்டலாம் என்றாள் சுபத்ரா. அப்போது அவள் அவர் சொன்னதை நம்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேம்ப் ரோட்டில் காது பரிசோதிக்கும் இடம் ஒன்று இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன அறையில் அவரை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுபத்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். அரிகிருஷ்ணன் பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் எதிரே வெறித்திருந்தார். சோதனை செய்த பெண்ணின் பெயர் ஜெரூஷா. அவள் சோதனையைத் திரும்பத் திரும்ப நடத்தினாள். பிறகு சுபத்ராவை மட்டும் பக்கத்து அறைக்கு அழைத்தாள்.

"மேடம், காது கேக்காதவங்க பொதுவா கேக்குற மாதிரி காட்டிப்பாங்க. அப்பா தலைகீழ். பட்டனை அழுத்தவே மாட்டேங்கறார். ஆனா வெளியில உங்க போன் லேசா அடிச்சப்ப கதவுப் பக்கம் திரும்பினார். வேற மாதிரியும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன், அதுல அவர் பட்டன் அழுத்தவே வேணாம். அவர் வயசுக்கு ரொம்ப நல்ல காது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "வேற ஏதாவது கஷ்டம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. ஸ்கூட்டியில் அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கம்பெனியில் நடந்த குடும்ப விழா நினைவுக்கு வந்தது. அவளுடைய மேலாளர் அரிகிருஷ்ணனின் கையைக் குலுக்கிவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ விசாரித்தார். அரிகிருஷ்ணன் சிரித்தபடி "ஓகே, ஓகே" என்றார். மேலாளர் கேட்டது ஊர் எது என்று. பதிலுக்கு நின்றுகொண்டே இருந்த அந்த மனிதரிடம் சுபத்ராதான், அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போது தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அரிகிருஷ்ணன் அந்த விரலைப் பார்த்தார். வார்த்தை புரியாவிட்டாலும் விரல் புரிந்திருக்கும். பங்குனியில் சக்திவேலிடம் அவர் சொன்ன பொய் அவருடையதல்ல. மகளிடமிருந்து வாங்கி வைத்திருந்தது.

"இன்னா சொல்றாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"கொஞ்சம் கம்மியா இருக்காம்பா. பயப்பட ஒண்ணுமில்லைன்னாங்க."

தனக்குக் காது கேட்காமல் போனதே இல்லை என்று அவருக்குத் தெரியும். மகள் பொய் சொல்கிறாள் என்றும் அந்தக் கணமே தெரிந்திருக்கும். சிக்னல் விழுந்தது. அவள் வண்டியைக் கிளப்பினாள்.

பத்ரி நல்ல மனிதர். மாம்பலத்தில் பிறந்து வளர்ந்து, குரோம்பேட்டையில் படித்து, பல ஊர்களில் வேலை பார்த்தவர். லிஃப்டில் பார்த்தால் அரிகிருஷ்ணனிடம் தண்ணீர் லாரியைப் பற்றியும் மழையைப் பற்றியும் தமிழில் பேசுவார். தலைவருக்குக் காது கேட்கவில்லை என்ற செய்தி வந்ததும் அவர்தான் அதிகம் வெட்கப்பட்டார். காது கேட்காத மனிதரை நடுவில் உட்காரவைத்து நாமெல்லாம் நம் பாட்டுக்குப் பேசியிருக்கிறோம், அந்தத் தீர்மானத்தை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு முன் அவருக்குக் கேட்பதற்கு வழி செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். யாரும் எதிர்க்கவில்லை. கருவி வாங்கும் பொறுப்பில் சுபத்ராவையும் சேர்த்துக்கொண்டார்கள். முனியம்மா அதைச் சக்திவேலிடம் சொல்ல, தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஆடிக் கூழுக்குள் கேட் திறந்துவிடும் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு உள்ளடங்கிய சந்தில் ஜெபின் கடை வைத்திருந்தான். கருத்தரங்கு, சர்ச் கன்வென்ஷன் என்று ஒலிக்கருவி கொடுக்கிறவன். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை, குடியிருப்பின் கிளப் ஹவுஸ் மேசையில் பெட்டிகளை வரிசையாகத் திறந்து வைத்தான். ஏரிக்கு மேலே மழை கறுத்துக்கொண்டிருந்தது. ஆனால் மேற்கு வெயில் இன்னும் கண்ணாடிச் சுவர் வழியாகத் தரை முழுக்கக் கிடந்தது.

அவன் காட்டிய முதல் கருவி கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வேலை செய்வது. சத்தம் அறைக்குள்ளேயே நிற்கும், பக்கத்து அறைக்குப் போகாது. அரிகிருஷ்ணனின் காதில் மாட்டிவிட்டுப் பேசிக்கொண்டே பின்னால் நடந்தான். வெயிலுக்குள் போனதும் அவருடைய காதில் கரகரப்பு மட்டுந்தான் வந்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்தார். இந்தக் கண்ணாடிச் சுவர் இருக்கும்வரை இது சரிப்படாது என்று அவனே எடுத்து உள்ளே வைத்தான். அடுத்தது அவரவர் போனிலேயே கேட்டுக்கொள்வது. அதில் ஆளின் வாய் முன்னால் அசைந்தது, குரல் பின்னால் வந்தது. எதிரே பேசுகிறவரைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவருக்குத் தலைசுற்றும் என்று பத்ரி வேண்டாமென்றார். கடைசியில் ரேடியோ. பேசுகிறவரிடம் ஒரு மைக், பெட்டி ஒன்று, கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிற சின்ன ரிசீவர், காதுக்கு ஒரு ஹெட்போன். சுவர், வெயில், தூண் எதுவும் அதற்குத் தடையில்லை.

"இது போதும் சார்" என்றான் ஜெபின். "ஆனா இதுல ரெண்டு மாடல் இருக்கு. ஒரு சேனல், ரெண்டு சேனல். காது கேக்காதவங்களுக்கு மட்டும்னா ஒரு சேனல் போதும். பேசுறதையே பெருசா குடுக்கும். ரெண்டு சேனல்ல இன்னொரு மைக் இருக்கும். ஒருத்தர் ஓரமா உக்காந்து அப்பப்போ தமிழ்ல சொல்லினே இருக்கலாம். வேணுங்கறவங்க அந்தச் சேனலுக்கு மாத்திக்கலாம். சர்ச்சுங்களுக்கெல்லாம் நான் அதான் குடுக்கறேன்."

பத்ரி வந்திருந்த மற்ற குடியிருப்பாளர்களைப் பார்த்தார். தமிழ் யாருக்காவது வேண்டியிருக்குமா என்று கேட்டார். ஓய்வு பெற்ற ஆசிரியை அபிதகுஜாம்பாள், தனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது மாடி ஹரிபிரசாத் தோளைக் குலுக்கினார். சுபத்ராவுக்குப் பக்கத்தில் ரோஹிணி இருந்தாள். அதே குடியிருப்பில் இருந்துகொண்டு சுபத்ராவின் கம்பெனியிலேயே வேலை செய்கிறவள். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபின் மாத்திரம் ஹெட்போன் மாட்டியிருந்த அரிகிருஷ்ணனிடம் குனிந்து கேட்டான். "ஐயா, உங்களுக்கு எது வசதி? தமிழ்ல சொன்னா நல்லா இருக்குமா?"

அரிகிருஷ்ணனின் வாய் லேசாகத் திறந்தது.

"அவருக்கு இங்கிலீஷ் புரியும்" என்றாள் சுபத்ரா. "காதுதான் பிராப்ளம். ஒரு சேனல் போதும்."

வாயை மூடிக்கொண்டு அவர் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நன்றி சொல்கிற பார்வை அது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. மேசையிலிருந்த ரிசீவர் ஒன்றை எடுத்து, எத்தனை நேரம் சார்ஜ் நிற்கும் என்று கேட்டாள்.

ஜெபின் சத்தத்தைக் கூட்டினான். காது கேட்காதவருக்கு என்று சொன்னதால் நிறையவே கூட்டினான். "ஐயா, இப்போ கேக்குதா?" அரிகிருஷ்ணன் தலையசைத்தார். "இன்னும் வேணுமா?" அதற்கும் தலையசைத்தார். அவர் கண்களில் நீர் தளும்பியது. பார்த்த பத்ரி நெகிழ்ந்துபோய், எத்தனை நாள் கேட்காமல் கஷ்டப்பட்டிருக்கிறார் பாருங்கள் என்று ரோஹிணியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல காதில் அத்தனை சத்தம் இரைந்தால் கண்ணில் நீர் வரத்தான் செய்யும். அந்த அறையில் அது தெரிந்தவள் சுபத்ரா ஒருத்திதான்.

இரவு சாப்பாட்டில் முனியம்மா கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் வைத்தாள். அரிகிருஷ்ணன் விரலால் காதைக் குடைந்துகொண்டே இருந்தார். குளியலுக்கு வைத்திருந்த வெந்நீரில் துணி நனைத்து ஒற்றிக்கொடுத்தாள் முனியம்மா. மிசின் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்டாள். ஒத்துக்கொண்டது என்றார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சுபத்ரா, டிவியைப் பார்த்தபடி, பொதுவாகச் சொல்வதுபோல் அவரிடம் சொன்னாள். "நாளைக்கு கேட் விஷயம் வரும்பா. திறக்கணும்னுதான் பத்ரி சொல்வாரு. கடைசியில உங்களைக் கேப்பாரு. ஓகே சொல்லிடுங்க."

"சரிம்மா" என்றார் அவர். ஏன் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கூட்டத்தில் அரிகிருஷ்ணனின் கழுத்தில் ரிசீவர் தொங்கியது. அவருடைய கட்டைவிரல் அதன் சக்கரத்தை நைசாகத் தேய்த்துச் சத்தத்தைக் குறைப்பதை மூன்றாம் வரிசையிலிருந்து சுபத்ரா பார்த்தாள். பத்ரி கேட்டைத் திறக்கச் சொல்லித்தான் பேசினார். பிறகு ஹரிபிரசாத் எழுந்தார். நிதானமாக, யாரையும் புண்படுத்தாமல் பேசக்கூடியவர். கேமரா வைக்காமல் கேட்டைத் திறப்பது குழந்தைகளுக்கு ஆபத்து என்றார். ஆனால் தலைவர் குடும்பத்துக்கு அது காலங்காலமான வழி, அந்த மரியாதையை விடக்கூடாது, ஆகவே கேட் பூட்டியே இருக்கட்டும், ஒரு சாவியை மட்டும் தலைவர் வீட்டில் கொடுத்துவிடலாம், அவர்கள் மட்டும் போய்வரட்டும், வெளியார் வேண்டாம் என்றார். நல்ல யோசனை என்று பல தலைகள் ஆடின. பத்ரிகூடக் கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லாருக்கும் இது சமாதானம் என்றால் தனக்கும் சரிதான் என்றார்.

எல்லாம் ஆங்கிலத்தில். எல்லாம் தெளிவாக அரிகிருஷ்ணனின் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

பத்ரி மைக்கை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். "பிரசிடெண்ட் சார், திஸ் டைம் கிளியரா கேட்டுதா? ஓகே?"

அரிகிருஷ்ணன் மகளைப் பார்த்தார். நீ சொன்னது இதுதானே என்று கேட்கிற பார்வை. அவள் தலையை ஒரே ஒரு தரம் இடமும் வலமும் ஆட்டியிருந்தால் போதும். ரோஹிணியின் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அபிதகுஜாம்பாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் தலைவர் மகளைப் பார்க்கிறார் என்று அறை முழுக்க அவளைப் பார்ப்பதாகத் தோன்றியது. அவள் கழுத்து கல்லாகிவிட்டது. கண்ணை மட்டும் எடுத்துக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வைத்தாள்.

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஓகே" என்றார். கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் பத்ரி தமிழில் நாலு வார்த்தை சொல்லி, பூட்டின் இன்னொரு சாவியை அவர் கையில் கொடுத்தார். அப்போதுதான் அரிகிருஷ்ணனுக்கு விஷயம் புரிந்தது. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பின்கேட்டை நோக்கி நடந்தார். சுபத்ரா கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனாள். ஒரு தூறல் விழுந்து நின்றிருந்தது. தரையிலிருந்து சூடு கிளம்பிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் சக்திவேல் நின்றிருந்தான். கூழ்ப்பானை தூக்குகிற பழைய தெருவின் பெண்கள் சிலரும் எல்லம்மா என்கிற கருவாட்டுக்காரியும் கூட இருந்தார்கள். பூட்டு திறந்ததும் உள்ளே வர வேண்டும் என்றுதான் நின்றிருப்பார்கள்.

"இன்னா மாமா, முடிஞ்சுதா?"

கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று அரிகிருஷ்ணன் சொன்னார். "பூட்டித்தான் இருக்கும் சக்தி. எங்க வூட்டுக்கு மட்டும் சாவி."

"நீ இன்னா சொன்னே?"

"ஓகேன்னேன்."

"மிசினு வாங்கிக் குட்த்தாங்களே. அதுலயும் கேக்கலியா?"

"கேட்டுச்சு." தொண்டையைச் செருமினார். "தெரிஞ்சுதான் சொன்னேன். அவுங்க சொல்றதுலயும் நாயம் கீது."

எல்லம்மா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நல்லாருப்பா என்றாள். சக்திவேலின் முகம் சிறுத்துப் போனது. இத்தனை நாள் மாமனுக்காகத் தெருவில் சண்டை போட்டவன் அவன். திரும்பி நடக்க ஆரம்பித்தான்.

"மாமா" என்று சக்திவேலைக் கூப்பிட்டாள் சுபத்ரா. தன் குரல் இத்தனை சின்னதாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. "அப்பாவுக்குத் தெரியாது. காது நல்லாத்தான் கேக்கும். அவருக்கு இங்கிலீஷ் புரியாது. அன்னிக்கும் புரியல, இன்னிக்கும் புரியல. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

"சும்மா இரு சுபா" என்றார் அரிகிருஷ்ணன்.

சக்திவேல் திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் பார்த்தது அவரை அல்ல, அவளை.

"அவுருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியுமா இங்கிலீஷ்? இதோ, இவுங்களுக்குத் தெரியுமா? நம்ம தெருவுல யாருக்குத் தெரியும்?" என்றான். "இதுக்கா கண்ணு மனுசனைச் செவுடனாக்குனே? அப்போ எங்களையெல்லாம் இன்னான்னு சொல்லி வெச்சிருக்கே அங்க?"

அவள் எதுவும் சொல்லி வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஆபீசில் ஒருவரிடமும் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அதுதான் பதில் என்றால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். சக்திவேல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெண்களிடம் வாங்க போலாம் என்றான். மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக அவர்கள் கிளம்பினார்கள்.

அரிகிருஷ்ணன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்றார். எல்லாம் முடிந்துவிட்டது, நாலு நாளில் மறந்துவிடுவார்கள், அவனுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் என்றார். லிஃப்ட் வந்தது. சுபத்ரா தங்கள் மாடியை அழுத்தாமல் பத்ரியின் மாடியை அழுத்தினாள்.

"எங்கம்மா?"

"பத்ரி வீட்டுக்கு. திரும்பவும் கூட்டம் போடச் சொல்லணும். ஏன்னு அவர் கேப்பாரு."

அவருக்குப் புரிந்தது. "வேணாம்மா. அந்த ரோஹிணி பொண்ணுக்கெல்லாம் தெரிஞ்சுடும். உனக்கு ஆபீசுல..."

"தெரியட்டும்பா."

தைரியமாகச் சொன்னாளே தவிர, மாடி ஏற ஏற அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பத்ரியிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறாள் என்பதே லிஃப்ட் கதவு திறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா பக்கத்தில் நிற்க, அவரைப் பற்றி, அவருக்குப் புரியாமல்.

மணி அடித்ததும் பத்ரி லுங்கியில் வந்து கதவைத் திறந்தார். உள்ளே தோசை சுடும் மணம் வந்தது. இருவரையும் பார்த்து, என்ன சார், சாவி சரியா இல்லையா என்று தமிழில் கேட்டார். உள்ளே வரச் சொன்னார். சுபத்ரா வாசலிலேயே நின்றாள்.

"பத்ரி, எங்க அப்பாவுக்குக் காதுல எந்தக் குறையும் இல்ல. இங்கிலீஷ்தான் தெரியாது. எனக்கு அதைச் சொல்ல வெக்கமா இருந்துது. அதான் செவிடுன்னு சொன்னேன்."

பத்ரி அரிகிருஷ்ணனைப் பார்த்தார். அவருடைய கழுத்தில் ரிசீவர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்திருந்தார். அவர் தலையைத் தூக்கவில்லை. மகள் தமிழில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.